மகள் கடற்படையில்: போன் வராத ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிக்கிறீர்கள்?

பாளை_அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே எழுதுவது இதுவே முதல் முறை. என் இளைய மகள் அக்னிவீர் (நான்கு ஆண்டுக்குப் படையில் எடுக்கும் திட்டம்) தேர்வில் தேறி, ஒடிசாவில் இருக்கும் கடற்படைப் பயிற்சித் தளமான ஐ.என்.எஸ். சில்காவுக்குப் பயிற்சிக்குப் போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். முதல் ஞாயிறு பேசினாள், நான்கு நிமிடம். இரண்டாம் ஞாயிறு இரண்டு நிமிடம். நேற்று மூன்றாம் ஞாயிறு. போன் வரவில்லை.

காலை ஆறு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சமைக்கும்போது அரிசி அளக்கும் படிக்குள் நிறுத்திவைத்தேன், மணி அடித்தால் சத்தம் நன்றாகக் கேட்கும் என்று. எரிவாயு நிறுவனத்திலிருந்து ஒருமுறை அடித்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் "அவள் என்ன விடுதியிலா இருக்கிறாள், நினைத்தபோது பேச?" என்கிறார். நாத்தனார் சும்மா இருக்காமல், "பெண்பிள்ளையை அத்தனை தூரம் அனுப்பிவிட்டு இப்போது அழுது என்ன செய்ய?" என்கிறாள். நான் அழவே இல்லை. இரவு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. முன்பே இதைக் கடந்து வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

அரக்கோணம்_மீனா:
ஒரு ஞாயிறு போன் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை. இரண்டு ஞாயிறு வரவில்லை என்றாலும் ஒன்றும் இல்லை. என் மகளும் மூன்றாவது வாரம்தான் பேசவில்லை. என்னென்னவோ கற்பனை செய்து, குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தேன். அடுத்த வாரம் கேட்டால், "தூங்கிவிட்டேன் அம்மா" என்றாள். போன் பேசக் கொடுத்த நேரத்தில் தூங்கியிருக்கிறாள்! காலை நான்கரைக்கு எழுந்து ஓடும் பிள்ளைக்கு அம்மாவைவிடத் தலையணை பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

முடிந்த காசை அவிழ்க்க மனம் வரவில்லை. உண்டியலில் போட்டுவிட்டேன்.

திருவாரூர்_வசந்தா:
வாருங்கள் பாளை அம்மா. என் மகள் அக்னிவீர் முதல் அணி. 2022 நவம்பரில் போனவள். ஏறத்தாழ 2,600 பேர் இருந்த அந்த அணியில் 273 பேர் பெண்கள். மாலுமிகளாகப் பெண்களைக் கடற்படை எடுத்தது அப்போதுதான் முதல் முறை என்பதால் எங்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. உங்களுக்காவது நாங்கள் இருக்கிறோம்.

நான்கு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நம்பாதீர்கள், மெதுவாகத்தான் ஓடும். ஆனால் அந்த முடிவு அணிவகுப்பு இருக்கிறதே! 2023 மார்ச் 28. பொழுது சாய்ந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் நடத்தினார்கள். வழக்கமாக இத்தகைய அணிவகுப்பு பகலில்தான் நடக்குமாம். எல்லோரும் வெள்ளைச் சீருடையில் ஒரே மாதிரி. எது என் பிள்ளை என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. வேறு யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துத்தான் அரை மணி நேரம் கண்ணீர் விட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_மாலுமி:
தாய்மார்கள் மத்தியில் ஓர் ஆண் புகுவதற்கு மன்னிக்கவும். பதினைந்து ஆண்டு கடற்படையில் இருந்தவன் என்ற முறையில் சில செய்திகள்.

மகள் பேசும்போது அவளுடைய சர்வீஸ் எண்ணையும், டிவிஷனல் ஆஃபீசரின் பெயரையும் கேட்டு எழுதிவையுங்கள். ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு டிவிஷனல் ஆஃபீசர் உண்டு. உடல்நலம், விடுப்பு, வீட்டுப் பிரச்சினை எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் அந்த வழியில் சொன்னால் செய்தி மகளுக்குப் போய்ச் சேரும்.

கடிதம் எழுதுங்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. நாளை அவள் கப்பலில் ஏறிய பிறகும் கடிதம் போகும். கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. பெயர், எண், கப்பலின் பெயர், அதன் கீழே மும்பை அல்லது விசாகப்பட்டினம் ஃப்ளீட் மெயில் ஆஃபீஸ் என்று எழுதினால் போதும். கப்பல் எந்தத் துறைமுகத்தைத் தொடுகிறதோ அங்கே கடிதத்தைச் சேர்ப்பது அவர்கள் வேலை.

போனைப் பொறுத்தவரை: 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் முகநூலுக்கும் தடை வந்தது. சமூக ஊடகத்தில் வலை விரித்தவர்களிடம் சிக்கி உளவு சொன்னதாகக் கடற்படையினர் சிலர் கைதானதுதான் காரணம். ஆகவே போன் வராததற்கு உங்கள் மகள் பொறுப்பல்ல. ஆழ்கடலுக்குப் போய்விட்டால் எப்படியும் செல்போன் கோபுரம் எட்டாது. என் தாயார் காலத்தில் எங்களுக்கு இன்லண்டு கடிதம் மட்டும்தான், அவர்கள் ஒருநாளும் புலம்பியதில்லை.

அரக்கோணம்_மீனா:
ஐயா, ஃப்ளீட் மெயில் செய்திக்கு நன்றி. உங்கள் தாயார் புலம்பியது உங்கள் காதுக்கு வந்திருக்காது, நீங்கள்தான் கடலில் இருந்தீர்களே.

ஓய்வுபெற்ற_மாலுமி:
ஒப்புக்கொள்கிறேன்.

உச்சிப்புளி_செல்வி:
பாளை அக்கா, நான் பாம்பன் பக்கம். என் அம்மாவும் நானும் கடலுக்குள் இறங்கிப் பாசி எடுத்தவர்கள். இடுப்பில் பை, விரலில் துணிச்சுற்று, காலில் வெட்டிய ரப்பர் செருப்பு. வீட்டுக்காரர் விசைப்படகு. கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருப்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்தான். ஆனாலும் மகளுக்காகக் காத்திருப்பது வேறாக இருக்கிறது. அவர் போனால் எந்தப் பக்கம் போயிருப்பார், எப்போது திரும்புவார் என்று காற்றைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வாடை வீசுகிறதா, கச்சான் வீசுகிறதா என்பதில் பாதி விடை இருக்கும். மகள் போன கடலில் என்ன காற்று என்று எனக்குத் தெரியாது. அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊரில் "நேவி பிடித்துவிட்டது" என்றால் எல்லை தாண்டியதாகப் படகு மாட்டிக்கொண்டது என்று பொருள். எந்த நாட்டு நேவி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், சொல்லாமலே விளங்கும். அப்படிப்பட்ட ஊரில் "என் மகள் நேவியில் சேர்ந்துவிட்டாள்" என்று சொன்னபோது தெருவே ஒரு நிமிடம் வாயடைத்துப் போனது. பிறகு ஒரு கிழவி, "நல்லது, இனிமேல் அங்கே நமக்கும் ஒரு ஆள்" என்றாள். அன்றிலிருந்து ஊருக்கே அவள் மகள்.

அவள் இரண்டாவது அணி. அணிவகுப்புக்கு நான் போகவில்லை. அந்த நேரம் கையில் காசு இல்லை. போட்டோ பார்த்தேன்.

கோவை_டீச்சர்:
என் மகள் அதிகாரி நிலையில். கேரளத்தில் எழிமலை அகாடமியில் பயிற்சி முடித்தவள். அணிவகுப்பு முடிந்ததும் தோள்பட்டையில் பதவிப் பட்டையைப் பெற்றோரே அணிவிக்க வேண்டும். என் கை நடுங்கி இரண்டு முறை நழுவியது. "அம்மா, பரீட்சைத் தாள் திருத்தும்போதுகூட உங்கள் கை இப்படி நடுங்கியதில்லையே" என்றாள்.

பெண் அதிகாரிகள் 1992இலிருந்தே இருக்கிறார்கள், ஆனால் நீண்ட காலம் கரைப்பணிதான். நிரந்தரப் பணி உரிமை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே உறுதியானது. இன்று போர்க்கப்பலுக்குத் தலைமை வகிக்கும் நிலைக்கும் ஒரு பெண் வந்துவிட்டார். அதிகாரியாகப் போவதற்கு நல்ல பட்டப்படிப்பும் ஆங்கிலமும் வேண்டும். பாளை அம்மா, உங்கள் மகளும் பின்னால் முயலலாம். எடுத்தவுடன் மாலுமியாக அனுப்பியதற்குக் கவலைப்பட வேண்டாம்.

உச்சிப்புளி_செல்வி:
டீச்சர், மாலுமியாக அனுப்பியதற்காக இங்கே யாரும் கவலைப்படவில்லை.

கோவை_டீச்சர்:
தவறாக எழுதிவிட்டேன் செல்வி. ஆறுதல் சொல்ல வந்து, வகுப்பறையில் பேசுவதைப் போலப் பேசிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி_செல்வி:
சரி டீச்சர். கை நடுங்கியதாகச் சொன்னீர்களே, அது பிடித்திருந்தது.

நெறியாளர்:
மேலே ஓர் உறுப்பினர் எழுதிய பதிவு நீக்கப்பட்டுள்ளது. தம் மகளின் கப்பல் எது, எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்துக்கு வருகிறது என்று எழுதியிருந்தார். அவருக்குத் தனியே விளக்கிவிட்டோம். கப்பல் பெயர், புறப்படும் நாள், திரும்பும் நாள், சீருடையில் பெயர்ப்பட்டையோடு படம், இவை எதுவும் இங்கே வேண்டாம்.

நீக்கப்பட்ட_பதிவின்_அம்மா:
நான்தான். நான்கு மாதம் கழித்து அவள் கரைக்கு வருகிறாள் என்ற மகிழ்ச்சியில் எழுதிவிட்டேன். எதிரி நாட்டுக்காரன் என் பதிவைப் படிப்பான் என்று தோன்றவே இல்லை. இப்போது நெஞ்சு பதறுகிறது.

ஓய்வுபெற்ற_மாலுமி:
பதற வேண்டாம் அம்மா. நீக்கியாகிவிட்டது. என் மனைவி பேறுகாலத்துக்கு நான் வருவதாகச் சொன்ன தேதியைக் காய்கறிக்காரரிடமும் சொல்லி, அவர் தெருவெல்லாம் சொல்லி, ஏழாவது வீட்டுக்காரர் என்னை வரவேற்க ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார்.

தென்காசி_மாமி:
எனக்கு ஒரு சந்தேகம். நான்கு வருடம் முடிந்ததும் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாமே? பதினெட்டு வயதில் அனுப்பி, இருபத்திரண்டில் திரும்பிவந்தால் படிப்பும் போய், வேலையும் போய்... இதற்கா இவ்வளவு தவிப்பு?

திருவாரூர்_வசந்தா:
அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிறது மாமி. என் மகளுக்கு 2026 இறுதியில் நான்கு ஆண்டு நிறைகிறது. நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் என்றுதான் திட்டத்தில் இருக்கிறது. சம்பளம் முதல் ஆண்டு மாதம் 30,000, அதில் 9,000 பிடித்துக்கொண்டு அரசும் அதே அளவு போடுகிறது. கடைசி ஆண்டில் 40,000 வரும். வெளியே வரும்போது சேவா நிதி என்ற மொத்தத் தொகை, வட்டியோடு சுமார் 11.71 லட்சம். ஓய்வூதியம் இல்லை. திட்டம் நல்லதா கெட்டதா என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். எங்கள் தெருவில் பொறியியல் படித்த பையன்கள் இருபத்திரண்டு வயதில் கல்விக்கடனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். என் பெண் இருபத்திரண்டில் பதினோரு லட்சத்தோடு உட்காருவாள். ஆனால் "அம்மா, என்னை எடுத்துக்கொள்வார்களா?" என்று அவள் கேட்கும்போது இந்தக் கணக்கு எதுவும் வாயில் வருவதில்லை.

தென்காசி_மாமி:
கல்யாணம்?

திருவாரூர்_வசந்தா:
நான்கு வருடத்துக்குக் கல்யாணம் செய்யக் கூடாது என்பது விதி. எனக்கு அது பெரிய வசதி. தரகர் வந்தால் "அரசாங்க உத்தரவு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

பாளை_அம்மா:
இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் முறையாக நேற்று இரவு தூங்கினேன்.

புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கேரளத்துத் தில்னாவும் தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த செய்தியை வீட்டுக்காரர் தேடி எடுத்துக் காட்டினார். ஐம்பத்தாறு அடிப் படகு, உள்ளே இரண்டே பேர். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி 2025 மே 29 அன்று திரும்பியிருக்கிறார்கள். ஏறத்தாழ எட்டு மாதம். "அந்த அம்மாக்களை நினைத்துப் பார்" என்றார். நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தைரியம் வரவில்லை, அந்த இரண்டு அம்மாக்களையும் சேர்த்து இன்னும் இரண்டு பேருக்காகக் கவலை வந்தது.

திருவாரூர்_வசந்தா:
கவலைக்கு எல்லை ஏது? 2024 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர் கடத்திய ரூயென் என்ற சரக்குக் கப்பலை நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். கொல்கத்தா மடக்கியதே, நினைவிருக்கிறதா? இந்தியக் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டருக்கு அப்பால், நாற்பது மணி நேரம். 35 கொள்ளையர் சரண், 17 மாலுமிகள் மீட்பு. தொலைக்காட்சி முன்னால் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் மகளே போன் செய்தாள். அவள் அந்தப் போர்க்கப்பலிலேயே இல்லை. கரையில் ஓர் அலுவலகத்தில் உதிரிப்பாகங்களுக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். "கொள்ளையர் வந்தால் ரசீதுப் புத்தகத்தால் அடிப்பேன்" என்றாள்.

விடுப்பில்_ஒரு_மகள்:
நான் அம்மா இல்லை, மகள். கப்பலில் இருக்கிறேன், இப்போது முப்பது நாள் விடுப்பில் வீட்டில். அம்மாதான் இந்த இழையைக் காட்டினார். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும்.

போன் வராத நாளைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். போன் வந்த நாளில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள்? என் அம்மா எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "இங்கே எல்லோரும் சௌக்கியம், நீ கவலைப்படாதே." போன வருடம் என் ஆச்சி இறந்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. ஐந்து வாரம் மூன்று முறை பேசினேன், ஒவ்வொரு முறையும் "ஆச்சி எப்படி இருக்கிறார்" என்று கேட்டேன், "தூங்குகிறார்" என்றார்கள். கரைக்கு வந்து போனைத் திறந்தபோது சித்தி மகனின் வாட்ஸ்அப் படத்தில் மாலை போட்ட ஆச்சி.

அன்றிலிருந்து "சௌக்கியம்" என்ற சொல்லை நான் நம்புவதில்லை. யார் சௌக்கியம் என்றாலும் உள்ளே என்ன மறைந்திருக்கிறது என்று வாட்ச் நேரம் (கப்பலில் என் காவல் முறை) முழுவதும் யோசிக்கிறேன். நடுராத்திரி பன்னிரண்டிலிருந்து நான்கு வரை இருட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றால் யோசிக்க நேரம் நிறைய உண்டு.

அரக்கோணம்_மீனா:
கண்ணே, உன் அம்மா இதைப் படிக்கிறார் என்று தெரிந்தேதான் எழுதினாயா?

விடுப்பில்_ஒரு_மகள்:
பக்கத்தில்தான் இருக்கிறார். கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். நிமிரவில்லை.

கோவை_டீச்சர்:
எனக்கு இதில் முடிவு தெரியவில்லை. சொன்னால் மட்டும் என்ன செய்வாள்? நடுக்கடலிலிருந்து இறங்கி வர முடியுமா? வேலையில் கவனம் சிதறினால் ஆபத்து அவளுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்பவருக்கும்தான். என் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்ததை நானும் தையல் பிரித்த பிறகுதான் சொன்னேன். இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன்.

உச்சிப்புளி_செல்வி:
எங்கள் வீட்டில் வழக்கம் வேறு டீச்சர். வீட்டுக்காரர் கடலில் இருக்கும்போது சொல்ல மாட்டோம். படகு கரையேறி, மீன் இறக்கி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகு, வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன். ஒருநாளும் அதைத் தள்ளிப்போட்டதில்லை. ஆச்சி இறந்த செய்தியை அந்தப் பெண்ணின் கால் கரையில் பட்டவுடன் அம்மாவே போனில் சொல்லியிருக்க வேண்டும். வாட்ஸ்அப் முந்திக்கொண்டதுதான் தப்பு.

விடுப்பில்_ஒரு_மகள்:
செல்வி அம்மா சொல்வது எனக்குச் சம்மதம். பக்கத்தில் கீரை ஆய்கிறவரும் தலையாட்டுகிறார்.

பாளை_அம்மா:
நான் ஒன்றை மறைத்துவிட்டேன். உங்களிடமும்தான். அவள் போன ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டிருக்கிறோம். இரண்டு போன் அழைப்பிலும் அவர் இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு "நான் ஜம்மென்று இருக்கிறேன்" என்றார். ஒருவேளை அவளுக்குச் சந்தேகம் வந்து, கோபத்தில்தான் பேசவில்லையோ என்றுகூடத் தோன்றியது. அவள் கரையில்தானே இருக்கிறாள், செல்வி. இன்னும் கடலுக்கே போகவில்லை.

உச்சிப்புளி_செல்வி:
அப்படியென்றால் சொல்லிவிடுங்கள் அக்கா. கை முறிவுதானே.

(ஆறு நாள் கழித்து)

பாளை_அம்மா:
பேசினாள்! ஒன்பது நிமிடம். போன வாரம் அவள் இருந்த குழுவுக்கு வேறு பணி கொடுத்திருந்தார்களாம், அதனால்தான் பேசவில்லை. இந்தி இன்னும் சரியாகப் புரியவில்லையாம். "சாவ்தான்" என்றால் விறைத்து நிற்பது, "விஷ்ராம்" என்றால் தளர்ந்து நிற்பது, இரண்டையும் மாற்றிச் செய்து மாட்டிக்கொண்டாளாம். பின்னலிட நேரமில்லை என்று முடியைத் தானே வெட்டிக்கொண்டாள். இடுப்பு வரை இருந்த முடி. அதைச் சொல்லும்போது என்னிடம் பயந்தாள், நான் "வளரும்" என்றேன்.

பிறகு அப்பா கையைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், "அம்மா, நானும் ஒன்று சொல்லவில்லை. நீச்சல் தேர்வில் தோற்றுவிட்டேன். இப்போது தினமும் தனியாக நீச்சல் கற்றுக்கொடுக்கிறார்கள். நீங்கள் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை" என்றாள். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த பிள்ளை, ஆற்றில் குளிக்கப் போகக் கூடாது என்று பதினெட்டு வருடம் தடுத்தவள் நான்தான்.

அரக்கோணம்_மீனா:
நீச்சல் எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். என் மகளும் தொட்டித் தண்ணீரைப் பார்த்தே பயந்தவள்.

பாளை_அம்மா:
இன்னொரு விஷயம். அணிவகுப்புக்கு இரண்டு பேர் வரலாம் என்றாள். அந்தத் தேதியில் வீட்டுக்காரருக்குக் கைக்கட்டு பிரித்திருந்தாலும் கூட்ட நெரிசலில் அவ்வளவு தூரம் ரயிலில் வர அவருக்கு மனமில்லை. செல்வி, நீங்கள் என்னோடு வருகிறீர்களா? இன்னொரு பெயரைக் கொடுக்கலாமா என்று மகளிடம் கேட்டிருக்கிறேன். சென்னையிலிருந்து ஹவுரா வழியில் பிரம்மபூர் தாண்டி பாலுகாவ் ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்றாள். டிக்கெட் நான் எடுக்கிறேன், இதில் பேச்சுக்கே இடமில்லை.

உச்சிப்புளி_செல்வி:
அக்கா.

உச்சிப்புளி_செல்வி:
வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். வருகிறேன். கீழ் பெர்த் உங்களுக்குப் போடுங்கள், நான் மேலே ஏறிவிடுவேன். வழிச்சோறு என் பொறுப்பு. புளியோதரை கட்டி வருகிறேன். தயிர்ச்சோறு வேண்டாம், விஜயவாடா வருவதற்குள் புளித்துவிடும்.